சம்பந்திக்கு இங்கிலீஷில் என்ன?

கம்பவுண்டர் பெட்டியும் கையுமாக வெளிநாட்டில் மகள் வீட்டில் வந்து இறங்கியபோது, அவருக்கென்று சொன்ன அறையில் ஏற்கெனவே ஒருவர் காலை நீட்டிப் படுத்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பா. நூற்பாலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்று எவ்வளவோ காலமான பிறகும் எல்லாருக்கும் போர்மேன்தான். கம்பவுண்டரும் அப்படித்தான். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுத்து, கட்டுப் போட்டு, ஊசி குத்தியே தலை நரைத்தவர். மனைவி போன பிறகு தனியாக இருக்க வேண்டாம் என்று ஒரே மகள் பிடிவாதம் பிடித்து வரவழைத்திருந்தாள். போர்மேனும் மனைவியை இழந்தவர், மகனோடு முன்பே வந்து சேர்ந்துவிட்டவர். வீட்டில் படுக்கையறை இரண்டே இரண்டு. ஒன்று மகளுக்கும் மாப்பிள்ளைக்கும். மற்றதில் சம்பந்திகள் இருவரும் இருந்துகொள்ள வேண்டியதுதான்.

பெண்ணைக் கொடுத்தவரையும் எடுத்தவரையும் ஒரே அறையில் போட்டால் எப்படி இருக்கும்? கல்யாணத்தில் தன் தம்பிக்கு முதல் பந்தியில் இடம் போடவில்லை என்று போர்மேன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனவர். கம்பவுண்டர் பின்னாலேயே ஓடிக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அந்த ஓட்டம் அவர் காலை விட்டு இன்னும் இறங்கவில்லை. சொந்தக் கட்டிலில் உட்காருவதற்கே உத்தரவு கேட்பதுபோல் நின்றார். போர்மேனோ குறட்டையில்கூட மாப்பிள்ளை வீட்டு மிடுக்கு குறையாதவர்.

மிடுக்கு ஒரு மத்தியானம் குளியலறையில் வழுக்கி விழுந்தது. சிறுசுகள் இரண்டு பேரும் வேலைக்குப் போயிருந்தார்கள். உள்ளே முனகல் கேட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு போன கம்பவுண்டர், சோப்பு நுரையோடு கிடந்த மனிதரைத் தூக்கி உட்காரவைத்து, உடம்பைத் துடைத்து, வேட்டியைச் சுற்றிவிட்டு, முட்டியில் கட்டுப் போட்டார். இத்தனை வருடத் தொழிலில் எத்தனை பேரைப் பார்த்தவர். பிறகு கட்டிலுக்குத் தாங்கிக்கொண்டு வந்தார். போர்மேன்தான் கட்டிலில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

"உங்ககிட்ட மறைக்க இனி என்ன இருக்கு சம்பந்தி? எல்லாத்தையும் பாத்துட்டீங்க."

கம்பவுண்டர் சிரித்துவிட்டார். போர்மேனும் சிரித்தார், முட்டி வலிக்க வலிக்க. அன்றிலிருந்து இருவரும் நகமும் சதையும் ஆனார்கள். காய் நறுக்குவது போர்மேன், அடுப்பு கம்பவுண்டர். சாப்பிட்டுவிட்டுச் சீட்டுக்கட்டை எடுத்தால் மகள் வேலையிலிருந்து வரும்வரை கீழே வைக்க மாட்டார்கள். போர்மேன் தோற்றால் சீட்டைக் குறை சொல்வார். ஜெயித்தால் தன் மூளையைப் புகழ்வார். கம்பவுண்டருக்கு இரண்டும் பிடித்திருந்தது.

வீட்டுக்குப் பக்கத்து நூலகத்தில், புதிதாக வந்த பெரியவர்களுக்கு இலவசமாக இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தார்கள். மகள்தான் இருவரையும் சேர்த்துவிட்டாள். கம்பவுண்டருக்கு மருந்துச் சீட்டில் இருக்கிற இங்கிலீஷ் அத்தனையும் தெரியும். வாயைத் திறந்து ஒரு டிக்கெட் கேட்கத் தெரியாது. போர்மேனுக்கு ஷிஃப்ட், ஓவர்டைம், பிரேக்டவுன் இந்த மூன்றை வைத்தே உலகத்தைச் சுற்றி வந்துவிடலாம் என்ற நம்பிக்கை. இருவரும் குளித்து, தலை வாரி, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் மாதிரி பை மாட்டிக்கொண்டு போனார்கள்.

குடும்பப் பாடம் வந்த அன்றுதான் வகுப்பே களை கட்டியது. டீச்சரம்மா பலகையில் கிளை கிளையாக ஒரு படம் வரைந்து, ஃபாதர், மதர், பிரதர் என்று எழுதிக்கொண்டே போனார். கசின் என்பது வந்ததும் போர்மேன் கம்பவுண்டரின் காதோரம் குனிந்தார். அத்தை மகனும் கசின், பெரியப்பா மகனும் கசின் என்றால், கட்டிக்கொள்கிற முறையையும் கூடப் பிறந்த முறையையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிட்டார்களே என்று அவருக்கு ஆற்றாமை. மாமனார், மாமியார், மருமகள், கொழுந்தன் என்று வந்தவர்களுக்கெல்லாம் வாலில் இன்-லா என்று ஒட்டியது. லா என்றால் சட்டம்தானே என்று கம்பவுண்டர் மெதுவாக விளக்கினார்.

பிறகு ஒவ்வொருவரும் எழுந்து பக்கத்தில் இருப்பவர் தனக்கு யார் என்று சொல்ல வேண்டும். போர்மேன் எழுந்து கம்பவுண்டரின் தோளில் கை வைத்தார். "திஸ் இஸ் மை..." என்றார். அதற்கு மேல் வண்டி நகரவில்லை. சைகையால் தன் மகனைக் காட்டி, அவர் மகளைக் காட்டி, தாலி கட்டுகிற மாதிரி நடித்து, இரண்டு விரலைக் கோத்துக் காட்டினார். டீச்சரம்மாவுக்குப் புரிந்தது. புரிந்தாலும் சொல்ல வார்த்தை இல்லை. டாட்டர் இன் லாவின் ஃபாதர் என்று நீட்டிச் சொல்லலாம், ஒரே சொல்லாக எங்களிடம் எதுவும் கிடையாது, மன்னிக்கணும் என்றார். அப்படியானால் இரண்டு பக்கத்துப் பெற்றோரும் ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கம்பவுண்டர் தட்டுத் தடுமாறிக் கேட்டார். பேர் சொல்லித்தான் என்றார் டீச்சரம்மா.

பின்வரிசையில் இருந்த ஒருவர், பேசாமல் பிரதர் என்று வைத்துக்கொள்ளுங்களேன் என்று யோசனை சொன்னார். போர்மேன் அதிர்ந்துபோனார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"நாம ரெண்டு பேரும் பிரதர்னா, நம்ம பிள்ளைங்க அண்ணன் தங்கச்சி ஆயிடும் சம்பந்தி. யோசிச்சுப் பேசச் சொல்லுங்க அந்தாளை."

வீட்டில் அந்தச் சிரிப்பு எடுபடவில்லை. கம்பவுண்டர் வந்து சேர்ந்த காலத்திலேயே மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் என்னவோ சரியில்லாமல்தான் இருந்தது. பிள்ளை தங்கவில்லை. வைத்தியம் வைத்தியமென்று அலைந்து, இரண்டு பேரும் களைத்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தாலே அந்தக் களைப்பு நினைவுக்கு வருகிற நிலைக்கு வந்துவிட்டார்கள். யார் மேல் தப்பு என்று கேட்டால் கம்பவுண்டருக்குச் சொல்லத் தெரியாது. அடி இல்லை, குடி இல்லை. பேச்சுதான் கொஞ்சம் கொஞ்சமாக வற்றிப்போனது. மிச்சமிருந்த பேச்சு சண்டை போடுவதற்கு மட்டும் பயன்பட்டது.

சண்டையை அவர்கள் இங்கிலீஷில் போட்டார்கள். பெரியவர்களுக்குப் புரியக்கூடாது என்ற மரியாதைதான். முன்பெல்லாம் அது சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ வேறு ஊர் ரேடியோ வைத்த மாதிரி இருக்கும். தொனி தெரியும், விஷயம் தெரியாது. நூலகத்துக்குப் போக ஆரம்பித்த பிறகு ரேடியோவில் சொல் சொல்லாகத் தெளிய ஆரம்பித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இருவரும் கட்டிலில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சீட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சமையலறையிலிருந்து குரல் உயர்ந்தது. "யுவர் ஃபாதர்" என்றான் மாப்பிள்ளை. என் வீட்டில், யுவர் ஃபாதர். மகளும் விடவில்லை. யுவர் ஃபாதருக்கு நான் என்ன வேலைக்காரியா என்றாள். கம்பவுண்டர் கையில் சீட்டு அப்படியே நின்றது. இந்தப் பையன் வாய் நிறைய மாமா என்று அழைக்கிறவன். வெளியே போய் வந்தால் மாமாவுக்கு என்று தனியாக ஒன்று வாங்கி வருகிறவன். அவளும் போர்மேனை மாமா மாமா என்றுதான் சுற்றி வருவாள். தமிழில் இரண்டு பேருக்கும் மாமாவாக இருந்தவர்கள், சுவருக்கு அந்தப் பக்கம் போனதும் உன் அப்பா, உன் அப்பா என்று இரண்டாகப் பிரிந்துபோனார்கள்.

போர்மேன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தார். சீட்டைத் தொடவில்லை.

"கத்துக்காமலே இருந்திருக்கலாம் சம்பந்தி," என்றார்.

அதற்குப் பிறகு இருவரும் தங்களால் ஆனதைச் செய்து பார்த்தார்கள். கம்பவுண்டர் மாப்பிள்ளையோடு கடைக்கு நடந்துபோகிற சாக்கில் பேசினார். என் மகளுக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும், நீங்கதான் பொறுத்துப் போகணும் என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டே நடந்தான். போர்மேன் மருமகளைப் பால்கனியில் உட்காரவைத்து, தன் மகனைத் திட்டு திட்டென்று திட்டினார். என் மூஞ்சிக்காக இரும்மா என்றார். அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"உங்களுக்காகன்னா இருந்துடுவேன் மாமா. ஆனா நான் வாழ வேண்டியது உங்களோட இல்லையே."

போர்மேன் இதை அறைக்கு வந்து அப்படியே சொன்னார். சொல்லிவிட்டு, அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்றார். கம்பவுண்டர் மாப்பிள்ளை பக்கம் இருக்கிற நியாயத்தைச் சொன்னார். ஆளுக்கு ஆள் அடுத்தவர் பிள்ளைக்காகப் பரிந்து பேசி, கடைசியில் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தார்கள்.

விவாகரத்து ஆர்ப்பாட்டம் இல்லாமல் முடிந்தது. வீட்டைக் காலி செய்தார்கள். மகளுக்கு வேறொரு நகரத்தில் வேலை கிடைத்திருந்தது, பஸ்ஸில் போனால் அரை நாள் ஆகிற தூரம். வண்டியில் சாமான் ஏற்றிய அன்று காலை போர்மேன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூடாது என்று சொல்லச் சொல்லக் கேளாமல் கம்பவுண்டரின் பெட்டியைத் தானே தூக்கி வந்தார். கல்யாணத்தன்று முகத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போன மனிதர்.

"சாயங்காலம் கூப்பிடாதீங்க, பையன் இருப்பான்," என்றார். "மத்தியானம் கூப்பிடுங்க. காதலிக்கிற பசங்க மாதிரி ஆயிடுச்சு நம்ம பொழப்பு."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். உதடு கோணிக்கொண்டது. கம்பவுண்டர் வண்டியில் ஏறித் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்துகொண்டார்.

மத்தியானப் பேச்சு ஒழுங்காகவே நடந்தது. என்ன சமைத்தீர்கள், என்ன மாத்திரை, முட்டி எப்படி, அவ்வளவுதான். போர்மேன் புது வீட்டைப் பற்றிச் சொல்வார். அங்கே அவருக்குத் தனி அறை. தனி அறையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்பார். ஒருநாள் மகள் சீக்கிரம் வீடு திரும்பியபோது கம்பவுண்டர் போனில் சிரித்துக்கொண்டிருந்தார். யார் என்று கேட்டாள். அவர் சொன்னார். அவள் கோபப்படவில்லை. அவங்க இனிமே நமக்கு யாரும் இல்லப்பா, நீங்க பேசப் பேச எனக்கு ஆற மாட்டேங்குது என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அவர் பால்கனியில் நின்று குரலைத் தாழ்த்திப் பேசினார்.

பிறகு ஒரு மத்தியானம் போன் எடுக்கப்படவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கு அடுத்த வாரம், இந்த எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் குரல் இங்கிலீஷில் சொன்னது. கம்பவுண்டருக்கு அது நன்றாகப் புரிந்தது. மகனுக்குத் தெரிந்துபோயிருக்கும், பேசாதே என்று சொல்லியிருப்பான், இவரும் சரியென்று அணைத்து வைத்துவிட்டார் என்று முடிவு கட்டினார். பழைய மிடுக்கு திரும்பிவிட்டது, பிள்ளை வீட்டுக்காரர் பிள்ளை வீட்டுக்காரர்தான் என்று உள்ளுக்குள் கறுவினார். ரோஷம் அவருக்கு மட்டும்தான் உண்டா? இவரும் கூப்பிடுவதை நிறுத்தினார். காய் நறுக்கும்போதெல்லாம் போர்மேனோடு மனதுக்குள் சண்டை போட்டார். நறுக்கென்று நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று அந்தக் கேள்விகளைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தார்.

இப்படி ஒரு மாதத்துக்கு மேல் ஓடிய பிறகு, ஒரு விடுமுறை நாளில் துணி மடித்துக்கொண்டிருந்த மகள், நிமிராமலே சொன்னாள்.

"அவனோட அப்பா போயிட்டாராம்."

யாருடைய அப்பா என்று கம்பவுண்டருக்கு உடனே பிடிபடவில்லை. அவளோடு வேலை பார்க்கிறவர்களில் யாரையோ சொல்கிறாள் என்று நினைத்தார். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. எப்போது என்று கேட்டார். போன மாதமே ஆகிவிட்டது, வேறு எதற்கோ செய்தி அனுப்பியவன் கடைசி வரியில் இதையும் எழுதியிருக்கிறான் என்றாள். பக்கவாதம், ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் இருந்தாராம்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"யாருக்குச் சொல்லணும்னு அவனுக்குத் தோணியிருக்காதுப்பா. இப்போ நாம அவங்களுக்கு என்ன உறவு?"

கம்பவுண்டர் மகளை எதிர்த்துப் பேசியே பழக்கமில்லாதவர். அன்று பேசினார். குரல் உயரவில்லை.

"உனக்கு அவர் மாமனார் இல்ல. சரி. கோர்ட்டுல நீங்க ரெண்டு பேரும் எழுதிக் குடுத்துட்டீங்க. எனக்கும் அவருக்கும் எந்தக் கோர்ட்டுலம்மா எழுதினாங்க? என்னை யாராவது கேட்டாங்களா?"

அவள் மடித்த துணியை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். பிறகு எழுந்துபோய், அவன் வீட்டு விலாசத்தை எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள். தான் வரவில்லை என்றாள். வேண்டாம் என்றார்.

மறுநாள் காலை பஸ்ஸில் அவர் தனியாகவே போனார். வழியெல்லாம் ஒரே யோசனை. அந்தப் பையனை என்னவென்று அழைப்பது? மாப்பிள்ளை என்று சொல்ல முடியாது; சொன்னால் அவனுக்கும் சங்கடம், தனக்கும் வலி. பேர் சொல்லி அழைத்துப் பழக்கமில்லை. தம்பி என்று சொல்லிக்கொள்ளலாம் என்று தீர்மானித்தார். தம்பி என்றால் யாரையும் சொல்லலாம்; கடையில் நிற்கிற பையனைக்கூடச் சொல்லலாம்.

கதவைத் திறந்தவன் இளைத்திருந்தான். சவரம் செய்யாத முகம், தூங்காத கண். இவரைப் பார்த்ததும் வாய் திறந்தது. மா என்று ஆரம்பிக்கப் போகிறது என்று கம்பவுண்டருக்கே தோன்றியது. அவன் நிறுத்தினான்.

"வாங்க... அங்கிள்."

கம்பவுண்டர் வாசலிலேயே நின்றுவிட்டார். தானும் தம்பி என்ற சொல்லை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார். அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஆனாலும் நெஞ்சுக்குள் என்னவோ அறுந்தது. அங்கிள். மாடிப்படியில் எதிரே வருகிறவரையும், பஸ்ஸில் இடம் கேட்கிறவரையும் அழைக்கிற வார்த்தை. வாரத்துக்கு வாரம் மாமாவுக்கு என்று தனிப் பொட்டலம் வாங்கி வந்தவனின் வாய். செருப்பைக் கழற்றுகிற சாக்கில் கம்பவுண்டர் வெகுநேரம் குனிந்திருந்தார்.

உள்ளே உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தான். அப்பாவுக்கு மத்தியானம்தான் வந்திருக்க வேண்டும், நான் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், ஹாலில் கிடக்கிறார் என்றான். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. போன் அவர் உடம்புக்கு அடியில் கிடந்ததாம். ஆஸ்பத்திரியில் பேச்சு வரவில்லை. ஒரே ஒரு சொல் மட்டும் வந்தது. அதையே குழறிக் குழறித் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி, சம்பந்தின்னு. நர்ஸுங்க அது யாரோட பேருன்னு நெனச்சுட்டாங்க. யாரு அவரு, வரச் சொல்லுங்கன்னு என்கிட்ட கேட்டாங்க."

கம்பவுண்டர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீங்க என்ன சொன்னீங்க தம்பி?"

"அப்படி யாரும் இப்போ இல்லன்னு சொன்னேன்."

அவனே தொடர்ந்தான். நீங்க வந்தா அவளும் வருவாளோ என்று பயந்தேன், அந்தக் கோலத்தில் அவள் முன்னால் நிற்க என்னால் முடியாது என்று நினைத்தேன், கொஞ்சம் தேறட்டும், அப்புறம் சொல்லலாம் என்று இருந்தேன் என்றான். "அப்புறம்னு ஒண்ணு இல்லாமலே போயிடுச்சு."

இவர் பால்கனியில் நின்று போனைக் கோபமாக அணைத்த மத்தியானங்களில் அங்கே ஒரு நாக்கு அந்தச் சொல்லோடு போராடிக்கொண்டிருந்திருக்கிறது. எவனோ மிடுக்குக்காரன், ரோஷக்காரன் என்று இவர் திட்டிக்கொண்டிருந்த ஆள். கம்பவுண்டருக்கு எதிரே இருந்தவனை அறைய வேண்டும்போல் இருந்தது. தன்னையே அறைந்துகொள்ள வேண்டும்போலவும் இருந்தது. அவர் இரண்டையும் செய்யவில்லை. போர்மேனின் அறையைப் பார்க்கலாமா என்று கேட்டார்.

சிறிய அறை. ஒரே கட்டில். சட்டைகள் கொடியில் வரிசையாக மாட்டியிருந்தன. நூலகத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற, கழுத்துப் பட்டை வெளுத்த கட்டம் போட்ட சட்டையும் இருந்தது. கம்பவுண்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். தலையணையில் எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது. அதன் மேல் கையை வைத்தபோது, நிலைப்படியில் நின்றிருந்தவன் உடைந்து அழ ஆரம்பித்தான். ஊரில் அம்மா போனபோது நீங்கதான் என்னை உட்காரவைத்துச் சோறு ஊட்டினீங்க, இந்தத் தடவை யாருமே இல்லை என்று அழுகையின் நடுவே சொன்னான்.

கம்பவுண்டர் அவனைப் பக்கத்தில் வரச் சொன்னார். அவன் வந்து தரையில் உட்கார்ந்து அவர் முட்டியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான். அவன் தலையில் கை வைத்தார். பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை.

போகும்போது சட்டை ஏதாவது எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டான். வேண்டாம் என்றார். பஸ் நிறுத்தம்வரை கூட வந்தான். பஸ் வந்தது. போயிட்டு வாங்க என்றான். அதற்கு முன்னாலோ பின்னாலோ எந்தச் சொல்லையும் சேர்க்கவில்லை. கம்பவுண்டரும் வரேன் என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினார்.

ராத்திரி பஸ்ஸைப் பிடித்து மறுநாள் காலை வீடு திரும்பியபோது மகள் வெந்நீர் வைத்திருந்தாள். அவர் குளித்துவிட்டு வரும்வரை எதுவும் கேட்கவில்லை. சோற்றைப் பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்தவள், தட்டில் கையை வைத்தபடியே மெதுவாகக் கேட்டாள்.

"ரொம்பக் கஷ்டப்பட்டாராப்பா?"

ஆஸ்பத்திரியில் கடைசிவரை வந்த அந்தச் சொல்லைப் பற்றியும், அதற்கு அவன் சொன்ன பதிலைப் பற்றியும் கம்பவுண்டர் யோசித்தார். அதைச் சொன்னால் இவள் அவனை ஆயுளுக்கும் மன்னிக்க மாட்டாள். தான் விட்டு வந்ததால்தான் இப்படி ஆனது என்று தன்னையும் மன்னிக்க மாட்டாள்.

"இல்லம்மா. நினைவே இல்லையாம். தூங்குற மாதிரி போயிட்டாராம்."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு சாப்பிடாமலே எழுந்துபோய்ச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, சத்தம் வராமல் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். கம்பவுண்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அவள் அழுது முடித்து, முகம் கழுவி, வேலைக்கு நேரமாகிறது என்று கிளம்பிப் போகும்வரை அவர் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. கதவு சாத்திய பிறகுதான் அவருக்கு அழ நேரம் கிடைத்தது.